ஜமீன் மட்டும் வரவில்லை

சுப்புத்தாய் டீச்சர் விசிலை வாயில் வைத்தால் போதும், பள்ளிக்கூடத்து மைதானத்தில் அத்தனை பெண்பிள்ளைகளும் அப்படியே நிற்பார்கள், ஒரு ஊது ஊதினால் நடப்பார்கள், இன்னொரு ஊதில் வலது பக்கம் திரும்புவார்கள், கூடவே மதிலுக்கு வெளியே குச்சி ஐஸ் விற்கிறவனும் வலது பக்கம் திரும்பிவிட்டு அப்புறம் வெட்கப்பட்டுச் சிரிப்பான். அப்பேர்ப்பட்ட டீச்சரின் சொல்லுக்கு இந்தப் பூலோகத்தில் கட்டுப்படாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவர் வீட்டிலேயே இருந்தது, அவர் போட்ட சோற்றைத்தான் தின்றது, அவர் கட்டிலுக்கு அடியில்தான் படுத்துத் தூங்கியது. அதன் பெயர் ஜமீன்.

நாய்தான். சீமை நாய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், செவலை நிறத்தில் சாதாரணத் தெருநாய், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும், ஆனால் நடை மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றிப் பார்க்கிற பெரிய மனுசர் நடை. அந்த நடையைப் பார்த்துப் பெயர் வைத்தது தமயந்தி. டீச்சருக்குப் பக்கத்து வீட்டுக்காரி, வாசலில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், ஊசியைவிட வாய் கொஞ்சம் கூர். "பேரு வச்ச முகூர்த்தமோ என்னமோ டீச்சரக்கா, இது நம்ம வீட்டு நாயில்ல, நாமதான் இதுக்கு வேலைக்காரிக" என்று அவள் அடிக்கடி சொல்வாள், டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டை அழித்துப் போட்ட சங்குமணி காலனியில் கடைசித் தெரு டீச்சருடையது. தெரு முடிந்தால் ஒரு பொட்டல், பொட்டல் முடிந்தால் நாலுவழிச்சாலை. லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற அந்தச் சாலை நாய்களுக்கு ஆகாத சாலை. சாலை நடுவில் அரளிச்செடி வைத்த திட்டில், செத்துக் கிடந்த தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்த குட்டியைத்தான் டீச்சர் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டுப் போய் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தார்: எங்கே நின்றாலும், எதைத் துரத்திக்கொண்டு ஓடினாலும், வா என்று ஒரு சொல் சொன்னால் இந்த நாய் வந்துவிட வேண்டும். வந்தால் பிழைக்கும், வராவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் அதன் ஆத்தாள் போன வழிதான்.

பழக்கினார். ஆயிரம் பிள்ளைகளைப் பழக்கியவருக்கு ஒரு நாயைப் பழக்குவது பெரிய காரியமா? உட்காரச் சொன்னால் ஜமீன் உட்கார்ந்தது, என்னவோ தனக்கே உட்காரத் தோன்றினது மாதிரி நிதானமாக உட்கார்ந்தது. கை கேட்டால் இடது கையை நீட்டியது. சோற்றுத் தட்டை முன்னால் வைத்து 'பொறு' என்றால் எச்சில் ஒழுகப் பொறுத்தது. வா என்றால் மட்டும் வராது. நின்று திரும்பிப் பார்க்கும், மடங்கின காதையும் நிமிர்த்திக் கேட்கும், யோசிக்கும், பிறகு எதிர்த்திசையில் நடையைக் கட்டும். மொபைலில் வீடியோ பார்த்தார், பிஸ்கட் காட்டினார், மிரட்டினார், கெஞ்சவும் கெஞ்சினார், தலையால் தண்ணீர் குடித்தார். ம்ஹூம்.

அந்த வருசம் மாசி மாசத்துச் சனிக்கிழமை ஒன்றில்தான் அது முதல் தடவை நடந்தது. சனிக்கிழமை ஜமீனுக்கு எண்ணெய்க் குளியல். பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆம்பிளைகளுக்குப் புதன் சனி, ஜமீன் ஆம்பிளை, அதனால் சனிக்கிழமை. டீச்சர் கணக்கில் ஒழுங்கு என்றால் எல்லாருக்கும் ஒழுங்கு. நல்லெண்ணெயைக் காய்ச்சி, சீயக்காயைக் கரைத்து, வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, புழக்கடையில் நின்று, மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்: "ஜமீன், வா!" ஜமீன் காம்பவுண்டுச் சுவரை ஒரே தாவில் தாண்டிப் போனது. அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது.

தண்ணீரை யாரும் எதிர்பார்க்காத நாள் அது. அந்தக் காலனிக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தண்ணீர் விடுகிறவருக்கே தெரியாது, பத்து நாளும் ஆகும் பதினைந்து நாளும் ஆகும். அன்றைக்கு எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்தன, பெண்கள் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தொட்டி நிறைந்து அண்டா நிறைந்து குழந்தைகளின் ஸ்கூல் பாட்டில் வரை நிறைந்தது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. தண்ணீர் வந்தால் பிடிப்பார்களா, ஏன் வந்தாய் என்று கேட்டுக்கொண்டு நிற்பார்களா?

அடுத்த சனிக்கிழமை டீச்சர் கூப்பிட்டபோது செருப்பு வந்தது. கல்யாண மண்டபத்தில் தமயந்தி தொலைத்துவிட்டுத் தினமும் புலம்பிக்கொண்டிருந்த புதுச் செருப்பு, இடது முன்னாலும் வலது பின்னாலுமாக, கொதிக்கிற தார் ரோட்டில் ஓரமாகவே நடந்து, எதிரே சைக்கிள் வந்தபோது நின்று வழிவிட்டு, அவள் வாசலில் ஜோடியாக வந்து நின்றது. தமயந்தி மெஷினை நிறுத்திவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். "இம்புட்டு நாளா எங்க போயிருந்தீக ரெண்டு பேரும்?" என்று கேட்டாள், கழுவிக் காயவைத்தாள், சாயங்காலம் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

மூன்றாவது தடவை வந்தது ஆள். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த சீனிராஜ் அண்ணாச்சிதான் காலனிச் சங்கத்துக்குத் தலைவர். அவருடைய தம்பி, சின்னச் சண்டையில் கோபித்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பல வருசமாகத் தகவல் இல்லாதிருந்தவன், தலையில் பாதிக்குச் சாயமும் பாதிக்கு நரையுமாக, சலூன்காரர் போர்த்தின துணி கழுத்தில் கட்டினபடியே, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தான். "யாரோ வான்னு கூப்பிட்டாகண்ணே. பொம்பளக் குரலு. வராம இருக்க முடியல" என்றான். அண்ணாச்சி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், அப்புறம் மிச்சத் தலைக்கும் சாயம் பூசிவிட்டார்.

மூன்று முறை நடந்தபிறகும் காலனிக்குப் புரியாமல் போகுமா. ரோட்டோரம் நின்று பேசித் தீர்மானித்துவிட்டார்கள்: அந்தக் கட்டைக் குரலில் அவ்வளவு ஏக்கமாக ஒருத்தர் கூப்பிட்டு, கூப்பிட்ட நாய் வராமல் போனால், அந்தக் கூப்பாடு சும்மா திரும்பிப் போகுமா, தெருவில் யார் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்களோ அதில் ஒன்றைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் வரும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார் சீனிராஜ் அண்ணாச்சி, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலம் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி குடித்து முடிக்கிற நேரத்துக்கு வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி கடையிலிருந்து பெஞ்சைத் தூக்கி வந்து போட்டார், கடலை மிட்டாய்த் தட்டு ஒன்றும் வைத்தார். யாருக்கு ரொம்ப முடை என்று பெண்கள் அவர்களுக்குள்ளே பேசி ஒருத்தரை முன்னால் நிறுத்துவார்கள். டீச்சர் கேட்டில் கையை வைத்து நிற்பார், ஜமீன் வேப்பமரத்தடியில் நின்று பார்க்கும், "ஜமீன், வா!" என்று ஒரு குரல். ஜமீன் போகும், வேறொன்று வரும். ராப்பகலாகக் கத்தின கைக்குழந்தைக்குத் தூக்கம் வந்தது, தெருவே மூச்சடக்கி நிற்க அது ஒரு கொட்டாவி விட்டுத் தாயின் தோளில் சாய்ந்தது. ருசியே இல்லை என்று தட்டைத் தள்ளிவைத்த பெரியவருக்குப் பசி வந்து, மனுசர் ஆறிப்போன அவியலை வழித்து வழித்துத் தின்றார். வரன் தள்ளிக்கொண்டே போன பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்தான், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான், அந்தப் பெண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். கரண்டு வந்தது, கேஸ் வந்தது, காணாமல் போன சாவிக்கொத்து பல்லி மாதிரிச் சுவரேறி வந்து ஆணியில் தொங்கியது. அடுத்தவன் வீட்டுக்குக் கேடு வரட்டும் என்று மனசில் நினைத்து நின்ற ஒன்றிரண்டு பேருக்குத் தும்மல் மட்டும் வந்தது, அவர்களும் மானம் போய் அப்புறம் வரவில்லை.

ஆரோக்கியமேரி வந்த நாளைத்தான் இன்றைக்கும் காலனியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். புருசன் செத்த அன்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, கண் வறண்டு போய், கல்லை முழுங்கினவள் மாதிரி வேலைக்குப் போவாள் வருவாள், யாரோடும் பேச்சில்லை. முன்னால் போய் நில் என்று பெண்கள் அவளைத் தள்ளிவிட்டார்கள். டீச்சர் கூப்பிட்டார். முதலில் ஒரு விக்கல் வந்தது, பிறகு வந்தது பாருங்கள் அழுகை, அடேயப்பா, தெருவில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் கூட நின்றவர்களெல்லாம் தத்தம் செத்தவர்களை நினைத்து அழுதார்கள், அழுது முடித்து எழுந்தவள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "பசிக்கி" என்றாள். தமயந்தி அவளுக்குத் தோசை ஊற்றிக்கொடுத்தாள். டீச்சருக்கு அன்றைக்கு மனசு நிறைந்து போனது. அதட்டி நிற்கவைத்தே பழகினவருக்குத் தன் குரலால் இப்படியும் ஒன்று நடக்கும் என்பது புதுசாக இருந்தது, சந்தோசமாக இருந்தது.

சந்தோசத்துக்கு நடுவில் ஒரு முள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஜமீன் இன்னும் கொஞ்சம் தூரம் போனது. முதலில் வேப்பமரம் வரை போய்த் திரும்பியது, பிறகு தெருமுனை வரை, பிறகு பொட்டல். சோற்று நேரத்துக்குத் தானாக வந்துவிடும், வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும், ஆனால் வா என்ற சொல்லைக் கேட்டால் போதும், யாரோ கல்லை ஓங்கினது போல ஓட்டம். சங்கிலியில் கட்டிவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை, ஈ எறும்புகூட வரவில்லை. ஓடுகிற நாயைக் கூப்பிட்டால்தான் எதுவும் வரும் போலிருக்கிறது. அதனால் சாயங்காலமானால் சங்கிலியை அவிழ்த்துவிடுவது வழக்கமாகிப் போனது.

ஒரு நாள் ஜமீன் சோற்றுக்கு வந்தபோது அதன் விலாவில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. டீச்சர் தொட்டுப் பார்த்தார். கிரீஸ். லாரிச் சக்கரம் உரசிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு விரற்கடை இந்தப் பக்கமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் தமயந்தி இது இப்படி இருக்கு? நான் இதுக்கு என்ன குறை வச்சேன்?" என்று மறுநாள் காலையில் கேட்டார்.

தமயந்தி பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினாள். "சொன்னாக் கோவிச்சுக்குவீக."

"கோவிக்கல, சொல்லு."

"நீங்க இத எதுக்கெல்லாம் கூப்பிடுதீகன்னு என்னிக்காவது யோசிச்சீகளா டீச்சரக்கா? எண்ண தேய்க்க வா, சீயக்கா போட வா, காதுல மருந்து ஊத்த வா, ஊசி போட வா. நல்லா விளையாடிக்கிட்டு இருக்கையில சங்கிலி மாட்ட வா. என்னிக்காச்சும் சும்மா, வந்து ஒரு துண்டு கருவாடு தின்னுட்டுப் போன்னு கூப்பிட்டீகளா? கண்ணுல சீயக்கா போடத்தான் கூப்பிடுதாகன்னு தெரிஞ்சா, நாயி என்ன, நானே வரமாட்டேன்."

கோவிக்கமாட்டேன் என்று சொன்ன டீச்சர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிண்ணம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நீ சொன்னது சரிதான்" என்றார். அந்த வாரமே எண்ணெய்க் குளியலை நிறுத்தினார். ஆட்டு ஈரலை வேகவைத்துக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது, திரிந்த பாலை இனி எந்தச் சீனி போட்டுத் தேற்றுவது? வா என்று வாய் திறந்தாலே ஜமீன் பொட்டலில் நின்றது, வயிற்றை ஒட்டி வாலைச் செருகிக்கொண்டு.

டீச்சர் வாசலில் நின்று காலனிக்குச் சொன்னார்: "இனிமே கூப்பிட மாட்டேன். நீங்க கேட்டது வருது, எனக்கு உள்ளது போகுது. எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான்." சொல்லிவிட்டுக் கடலை மிட்டாய்த் தட்டை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். காலனி ஆட்கள் நல்லவர்கள், ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. அண்ணாச்சி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார். "ஆமா, இத்தன நாளு டீச்சர் செஞ்சதே பெருசு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஆனால் சித்திரை வந்தது. அந்த வருசத்துச் சித்திரை கரிசல் மண்ணை ஆள் இறங்குகிற அளவுக்கு வெடிக்க வைத்தது, போர்வெல்லில் புகைதான் வந்தது, குழாய் மறந்தே போனது, லாரித் தண்ணீரும் வரவில்லை, எருமைகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீச்சர் வாசல் வேப்பமரத்தடியில் வந்து நின்றன, குழந்தைகள் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் வீட்டு முன்னால் காலிக் குடங்கள் தெரு நீளத்துக்கு வரிசையாக இருந்தன. அண்ணாச்சிதான் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒரே ஒரு தடவ டீச்சர். மழைக்கு மட்டும். இதுக்கு மேல கேட்டா எங்களச் செருப்பால அடிங்க."

டீச்சர் குடங்களைப் பார்த்தார், பிள்ளைகளின் உதட்டைப் பார்த்தார். எல்லாரும் அவர் மைதானத்தில் நடக்கப் பழக்கின பிள்ளைகள், அல்லது அந்தப் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகள். காலடியில் கட்டிக் கிடந்த ஜமீனின் கழுத்தை நீவிவிட்டார், மன்னிச்சுக்கோடா என்று அதன் நிமிர்ந்த காதில் சொன்னார், சங்கிலியை அவிழ்த்தார், அது வேப்பமரத்தைத் தாண்டும் வரை பொறுத்தார். பிறகு அதுவரை கூப்பிடாத குரலில் கூப்பிட்டார்.

மழை வந்தது. எட்டையபுரம் பக்கமிருந்து கறுத்த மேகமெல்லாம், பட்டிக்குத் திரும்புகிற ஆடுகள் மாதிரி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, தெரு வழியாகவே வந்தன. ஒரு மேகம் கரண்டுக் கம்பத்தில் வழி தெரியாமல் முட்டிவிட்டு விலகிப் போனது, இன்னொன்று தமயந்தியின் தையல் மெஷினை மோந்து பார்த்தது, அப்புறம் எல்லாமாகச் சேர்ந்து காலனிக்கு மேலே எழும்பிக் கொட்டின. குடங்கள் நிரம்பி வழிய, பெரியவர்கள் வாயை அண்ணாந்து திறந்துகொண்டு நிற்க, ஆரோக்கியமேரி குழந்தைகளோடு கைகோத்துக் கும்மியடிக்க, அண்ணாச்சி தம்பியின் தலையிலிருந்து சாயம் கறுப்பாக ஒழுகி ஓட, ஒரே கூத்து. டீச்சர் ஒருத்தர் மட்டும் மழைக்கு ஊடே பொட்டலைப் பார்த்தார். அங்கே ஜமீன் இல்லை.

ஓடினார். செருப்பு சேற்றில் சிக்கியதை விட்டுவிட்டு ஓடினார், பொட்டலைத் தாண்டி நாலுவழிச்சாலை ஓரத்தில் போய் நின்றார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போக, நடுத்திட்டில், அரளிச்செடிகளுக்கு நடுவில் ஜமீன் நின்றது. நனைந்து பாதி ஆளாகச் சிறுத்துப் போயிருந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு வாய் தானாகத் திறந்தது.

"கூப்பிடாதீக!" பின்னாலிருந்து தமயந்தி கத்தினாள். அவளும் அவள் பின்னால் காலனி மொத்தமும் மழையில் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். "எக்கா, கூப்பிட்டுராதீக! நீங்க கூப்பிட்டா அது ஓடத்தான் செய்யும். ஓடுனா லாரி!"

டீச்சர் வாயை மூடினார். சாலைக்குள் போய்ப் பிடிக்கவும் முடியாது, நெருங்கினால் விலகும். விசில் கழுத்தில் தொங்கியது, அதைத் தொடவும் பயமாக இருந்தது. ஆண்டவா, சோற்று நேரம் போக இது தானாக என் பக்கத்தில் வந்ததே இல்லையா என்று யோசித்தார். வந்திருக்கிறது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து வேறெந்த நினைப்பும் இல்லாமல் முருங்கைக்கீரை உருவுகிற நேரத்தில், முதுகுப்பக்கம் சத்தமில்லாமல் வந்து சாய்ந்து படுத்துக்கொள்ளும். கூப்பிடாத நேரத்தில். எதுவும் கேட்காத நேரத்தில்.

சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கூன் போடாதே, நிமிர்ந்து நில் என்று இருபது வருசத்துக்கு மேலாகப் பெண்பிள்ளைகளை அதட்டின மனுசி, சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகைத் தளர்த்தி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க எல்லாரும்" என்றார் மெதுவாக. "அதப் பாக்காதீங்க. வரணும்னு நினைக்கவும் நினைக்காதீங்க."

நினைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! ஆனாலும் டீச்சர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழகின காலனி. தமயந்தி உட்கார்ந்தாள், அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார், அவர் தம்பி, ஆரோக்கியமேரி, பலாப்பழத்தோடு வந்த மாப்பிள்ளை, அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண், தூங்குகிற குழந்தையை மடியில் வைத்த தாய், எல்லாரும் சாலைக்கு முதுகைக் காட்டி, பொட்டலின் சேற்றில், மழைக்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பின்னால் லாரிகள் போகிற இரைச்சல். ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது, பிரேக் கிறீச்சிட்டது. ஆரோக்கியமேரி டீச்சரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தரும் திரும்பவில்லை. ஜமீனைப் பற்றி நினைக்கக்கூடாது என்பதற்காக அண்ணாச்சி கடையில் துவரம்பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று நினைத்தார். தமயந்தி அளவு மாறிப் போன ஜாக்கெட் ஒன்றை மனசுக்குள்ளேயே பிரித்துத் தைத்தாள். டீச்சருக்கு நினைக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. மழையில் நனைகிறோம், நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தார். நிஜமாகவே நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வரிசையின் கோடியில் யாரோ "ஹ்ம்" என்றார்கள். முதுகை ஒரு மூக்கு மோந்து பார்த்தால் வருகிற சத்தம் அது. அடுத்த முதுகும் சிலிர்த்தது. அதற்கடுத்த முதுகு அண்ணாச்சியுடையது, அவர் கூச்சத்தில் நெளிந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஒவ்வொரு முதுகாக நிதானமாக, தோப்பில் தன் மரத்தைத் தேடுகிற ஆளைப்போல அது வந்துகொண்டிருந்தது, நனைந்த சேலைகளையும் சட்டைகளையும் மோந்து மோந்து, இது இல்லை, இது இல்லை என்று. தமயந்தியிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பிறகு அவளையும் விட்டு நகர்ந்தது.

டீச்சரின் வலது தோளில் ஈரமான ஒரு தாடை வந்து உட்கார்ந்தது. கழுத்தில் வெதுவெதுப்பாக மூச்சுப் பட்டது. கைகள் இரண்டும் அதை எட்டிப் பிடிக்கத் துடித்தன, கழுத்துப் பட்டையைப் பற்றச் சொல்லித் துடித்தன. அவர் பிடிக்கவில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அதுவரை அவர் செய்த எந்தத் தேகப்பயிற்சியும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"வந்துட்டியா" என்றார்.

ஜமீன் ஒரு சுற்று சுற்றி வந்து, அவர் மடியில் ஏறி, சேறும் மழையுமாகச் சுருண்டு படுத்துக்கொண்டது.